கோபுரம் முழுசா விழ எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்?

போன முறை ராமேஸ்வரம் போனபோது எனக்கென்று ஒரு சின்ன வேலை வைத்திருந்தேன். ராமநாதசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம் 126 அடி, மேற்குக் கோபுரம் 78 அடி. இரண்டிலும் நிலைகள் மேலே போகப் போக எந்த விகிதத்தில் சிறுக்கின்றன என்று படத்தை வைத்தே அளந்து பார்க்க ஆசை. கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை, தெருவில் நின்றுதான் எடுக்கணும். 24 மி.மீ. லென்ஸைப் போட்டு, கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்து எடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

வீட்டில் திறந்து பார்த்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து, ஊசி மாதிரி கூம்பிக் கிடக்கிறது. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் உடனே தப்பு தெரிந்துவிடும். கோபுரம் இயல்பாகவே மேலே குறுகுவது. இதில் கட்டிய ஸ்தபதி வைத்த குறுகல் எவ்வளவு, என் கேமரா சேர்த்த குறுகல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அளவெடுக்கும் வேலைக்கு அந்தப் படங்கள் உதவாமல் போச்சு.

கேமராவின் சென்சார் கட்டடத்துக்கு இணையாக, செங்குத்தாக நின்றால்தான் நேர்கோடுகள் நேராக விழும். அண்ணாந்தால் கோபுரத்தின் உச்சி சென்சாரிலிருந்து இன்னும் விலகிப் போகும்; விலகினால் சிறிசாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

அப்போ சாய்க்காமல் எடுக்க எந்த லென்ஸ்? கணக்கு எளிது: சென்சார் உயரத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், படத்தில் விழும் உயரம் கிடைக்கும். ஃபுல் ஃப்ரேம் கேமராவை நெடுக்காகப் பிடித்தால் சென்சார் உயரம் 36 மி.மீ. 40 மீட்டர் தள்ளி நின்று 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் 60 மீட்டர் விழணும். 126 அடி என்பது சுமார் 38 மீட்டர். தாராளமாக அடங்கணுமே?

அடங்காது. நானும் இங்கேதான் ஏமாந்தேன். கேமரா மட்டமாக இருந்தால் அந்த 60 மீட்டரில் பாதி கண் மட்டத்துக்குக் கீழே, தரைக்குப் போய்விடும். மேலே 30 மீட்டர். கண் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் 31.5. கலசம் மட்டுமல்ல, மேல் நிலைகளும் வெட்டுப்படும். ஆகவே லென்ஸ் வாங்குமுன் மேல்பாதியை மட்டும் கணக்குப் போடுங்கள்.

வழிகள் மூன்று.

ஒன்று, ஷிஃப்ட் லென்ஸ். பழைய பிளேட் கேமராக்களில் லென்ஸ் பலகையை மட்டும் மேலே நகர்த்துவார்கள். அதே வித்தைதான் இது. 24 மி.மீ. லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால், அதே 40 மீட்டரில் கண் மட்டத்துக்கு மேல் 50 மீட்டர் கிடைக்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

இரண்டு, இன்னும் அகலமான லென்ஸ். 17 மி.மீ.யில் மேல்பாதி மட்டும் 42 மீட்டர். கேமராவை மட்டமாக வைத்து எடுத்து, கீழே வீணாக விழுந்த தரையை வெட்டிவிடலாம். ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் ஏறக்குறைய இதுவே. நாம் கொஞ்சம் பிக்சல்களை இழக்கிறோம், அவ்வளவே. செல்போனின் அல்ட்ரா வைடு கேமராவிலும் இதைச் செய்யலாம்.

மூன்று, செலவே இல்லாதது: பின்னால் நடப்பது. அக்னி தீர்த்தம் பக்கமாகப் போய் 100 மீட்டர் தள்ளி நின்றால் 35 மி.மீ. லென்ஸே போதும், மேல்பாதியில் 51 மீட்டர் விழும். என் வேலைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோபுரத்தின் மேல் நிலைகள் உள்ளே தள்ளித் தள்ளி அமைந்தவை, அதாவது கீழ்நிலையைவிட நமக்குச் சற்று தூரம். பக்கத்தில் நின்றால் கேமராவைச் சாய்க்காவிட்டாலும் அந்த வித்தியாசம் அளவைக் கெடுக்கும். தூரம் போகப் போக அது தேய்ந்துவிடும். தெருவில் கம்பிகளும் கடைப் பலகைகளும் குறுக்கே வரும்தான், பொறுத்துக்கணும்.

சாய்ந்த படத்தை மென்பொருளில் நிமிர்த்தலாமே என்பீர்கள். பார்வைக்குச் சரியாகும். ஆனால் எவ்வளவு நிமிர்த்துவது என்று சொல்ல, படத்தில் செங்குத்து என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கோடு வேண்டும். கோபுரத்தில் அதற்கு எங்கே போவது?

அடுத்த தடவை புது லென்ஸ் எதுவும் வாங்கப் போவதில்லை. ஒரு முக்காலியும் மட்டம் பார்க்கும் குமிழியும் எடுத்துக்கொண்டு, காலை வெயில் கிழக்குக் கோபுரத்தில் நேராக விழும் நேரத்தில் கடலோரம் போய் நிற்கப் போகிறேன். அளந்த கணக்கை அப்புறம் எழுதுகிறேன்.