பட்டின் பசையும் புத்தகத்தின் பசையும்

காஞ்சிபுரத்துச் சேலை தறிக்குப் போகுமுன் அதன் கச்சாப் பட்டை என்ன செய்கிறார்கள் தெரியுமா? சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த நீரில் இட்டுக் காய்ச்சுகிறார்கள். பட்டுப்புழு நூல் நூற்கும்போதே இழையின்மீது செரிசின் என்னும் பசையைப் பூசிவிடுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் பசைதான். செரிசினும் புரதம், உள்ளிருக்கும் இழையான பைப்ராயினும் புரதம். ஆனால் செரிசின் மூலக்கூறுகள் நீரோடு எளிதில் சேரும். பைப்ராயின் மூலக்கூறுகளோ நெருக்கமாக அடுக்கப்பட்டவை; நீர் அவற்றினிடையே புகுவது கடினம். ஆகவே பசை கரைகிறது, இழை தப்புகிறது. சோடா மிகுந்தாலோ நேரம் கடந்தாலோ இழையும் நலிந்துவிடும்.

புத்தக அட்டையில் ஒட்டிய சீட்டை எடுப்பதும் இதே கணக்குத்தான். பசை இளக வேண்டும். அட்டைக்கு ஒன்றும் நேரக்கூடாது.

முதலில் அது எந்தப் பசை என்று பாருங்கள். பழைய பைண்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் மைதாப் பசை இருக்கும். பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. இது மாவுப்பொருள். ஈரப்பஞ்சைச் சீட்டின்மேல் மட்டும் சில நிமிடங்கள் வைத்தால் ஊறி இளகும். காஞ்சியில் பாவு நூலுக்கு ஏற்றும் அரிசிக் கஞ்சியும் இதே இனந்தான். (ஒரு பசையைப் பாடுபட்டு நீக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றுவானேன் என்று கேட்காதீர்கள், பாவு நூல் தறியின் உராய்வைத் தாங்க வேண்டுமல்லவா?)

இன்றைய ஸ்டிக்கர் வேறு வகை. அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் 1935-இல் இத்தகைய தானே ஒட்டும் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இவற்றின் பசை ரப்பரையோ அக்ரிலிக்கையோ சேர்ந்தது. அது காய்ந்து இறுகுவதில்லை. பாதி திடம், பாதி திரவம். வெடுக்கென இழுத்தால் திடப்பொருளாக முரண்டு பிடித்து, அட்டையின் மேல்தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். மெல்ல இழுத்தால் திரவம்போல் நெகிழ்ந்து கொடுக்கும். எனவே முடியுலர்த்தியால் மிதமாகச் சூடாக்கி, சீட்டை அதன்மேலேயே மடித்து, அட்டையை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். பொறுமைதான் இங்கே பெரிய கருவி.

எஞ்சிய பிசுக்கு நீரில் கரையாது. அட்டைமேல் பளபளக்கும் பிளாஸ்டிக் படலம் இருந்தால் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று விட்டுத் துடைக்கலாம். எண்ணெய் பசைக்குள் ஊடுருவி அதன் பிடிப்பைத் தளர்த்தும்; படலம் எண்ணெயைக் குடிக்காது. படலமில்லாத வெறுந்தாள் அட்டையோ எண்ணெயை உறிஞ்சி நிலையான கறை கொள்ளும். அங்கே சுத்தமான ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பிசுக்கை உருட்டி எடுப்பதே சரி. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வேண்டாம். அச்சு மையையும் கரைத்துவிடும். பெட்ரோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி தீப்பற்றும்.

எடுப்பதானால் தாமதியாதீர்கள். ரப்பர்ப் பசை நாளடைவில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பழுப்பேறும். தாளின் நார்களுக்குள் இறங்கும். பிறகு கறையை முழுதும் போக்க நூல் பாதுகாப்பு வல்லுநராலும் பெரும்பாலும் முடிவதில்லை. கிழிந்த ஏட்டை ஒட்டும் நாடாவால் ஒட்டுவதும் இதனாலேயே தவறு.

ஆனால் எல்லாச் சீட்டையும் எடுக்கவேண்டும் என்பதில்லை. பழைய புத்தகத்தில் ஒரு நூலகத்தின் எண்சீட்டோ, மூடிப்போன கடையின் பெயர்ச்சீட்டோ இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று இராது.