வெளுத்த மேகத்தை மீட்கும் வித்தை

உச்சிவெயிலில் எடுத்த படம். ஆளின் முகம் கச்சிதமாக விழுந்திருக்கிறது. பின்னால் வானம் மட்டும் வெள்ளை வெளேரென்று. ஜேபெக் கோப்பு என்றால் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான். சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருந்தால், கணினியில் ‘ஹைலைட்ஸ்’ ஸ்லைடரைக் குறைத்ததுமே மேகங்கள் மெல்லத் தலைகாட்டும்.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒளியைச் சேர்க்கும் சிறு குடம். நிரம்பிய பின் விழும் ஒளி கணக்கில் சேராது. இதுதான் ‘கிளிப்பிங்’. ஆனால், எல்லாக் குடங்களும் ஒரே நேரத்தில் நிரம்புவதில்லை. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிப் பிக்சல்கள் மேல் பச்சை வடிகட்டி, கால்வாசி மேல் சிவப்பு, மீதி மேல் நீலம். பகல் வெளிச்சத்தில் பெரும்பாலான கேமராக்களில் பச்சைதான் முதலில் நிரம்பும். அப்போதும் சிவப்பிலும் நீலத்திலும் மேகத்தின் மடிப்புகள் பதிவாகிக்கொண்டிருக்கும்.

14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு பிக்சலின் ஒளியையும் 16,384 படிகளில் அளக்கிறது. 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே. போதாக்குறைக்கு, கேமரா தன் விருப்பப்படி பிரகாசத்தைக் கூட்டி, உச்சியில் மிஞ்சியிருந்த விவரத்தையும் வெள்ளையாக்கிவிடும்.

மீட்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளை வெள்ளையாகவே தெரிய ஒயிட் பேலன்ஸ் சரிசெய்யும்போது சிவப்பையும் நீலத்தையும் மென்பொருள் பெருக்குகிறது. பகலில் சிவப்பு ஏறக்குறைய இருமடங்காகும். உச்சத்தில் முட்டி நிற்கும் பச்சை பின்தங்க, மேகம் ரோஸ் நிறத்துக்கு மாறும்.

டேவ் காஃபின் 1997-இல் எழுதத் தொடங்கிய, ரா கோப்பைப் படமாக்கும் ‘டிசிரா’ நிரலில் இதற்கான வழிகள் எண்களாகவே இருக்கின்றன. 0 என்றால் மூன்று நிறங்களையும் ஒரே மட்டத்தில் வெட்டி வெள்ளையாக்கும். 1 வெட்டாமல் விடும். ரோஸ் சாயம் தங்கும். 2 இரண்டையும் கலக்கும். 3 முதல் 9 வரை, இழந்த நிறத்தை ஊகித்துக் கட்டியெழுப்பும். டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்களும் தப்பிய நிறங்களைக் கொண்டு, போன நிறத்தைக் கணிக்கின்றன.

மூன்றுமே நிரம்பிவிட்டால் கணிக்க ஆதாரமில்லை. சூரிய வட்டம், குரோம் பம்பரில் தெறிக்கும் வெயில் ஆகியவை அந்த ரகம். அங்கே ஸ்லைடரை எவ்வளவு குறைத்தாலும் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். சிவப்பு விளக்கு எரியும் மேடையில் நிலைமை வேறு: முதலில் நிரம்புவது சிவப்பு, பாடகரின் கன்னம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று வரும்.

கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் என்னும் பிரகாச வரைபடம் பொதுவாக ஜேபெக்கை வைத்தே வரையப்படுகிறது. அதனால், அது காட்டும் எச்சரிக்கைக்குப் பின்னும் ரா கோப்பில் கொஞ்சம் இடம் மீதமிருக்கலாம். அந்த எச்சரிக்கைக்குப் பயந்து எக்ஸ்போஷரை அளவுக்கு மீறிக் குறைத்தால், நிழல்களைப் பிறகு ஏற்றும்போது புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும்.