துளை சுருக்கும் சீரமும் கடைக்காரர் கொடுக்கும் வாக்கும்



பேன்சி ஸ்டோர் ஆகட்டும், மளிகைக் கடை ஆகட்டும், முகத்திற்குப் பூசும் சரக்கு இல்லாத கடை நம் ஊர்களில் இல்லை. ஒரு காலத்தில் பவுடர் டப்பாவும் ஸ்நோ பாட்டிலும் இருந்தால் போதும். 1975இல் சிவப்பழகு கிரீம் வந்தது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைக்கும் வழியைக் காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார். 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. காலத்திற்கு ஏற்றபடி சரக்கு மாறுகிறது. நாமும் மாறித்தான் ஆக வேண்டும்.

இப்போது வந்திருப்பது சீரம். முப்பது மில்லி பிடிக்கும் சிறிய கண்ணாடிக் குப்பி, அதன் மூடியில் ஒரு சொட்டுக் குழாய். இது ஏதோ நகரத்து நாகரிகம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட 'மினிமலிஸ்ட்' என்னும் சீரம் நிறுவனத்தின் 90.5 சதவீதப் பங்கை வாங்கப் போவதாக இந்துஸ்தான் யூனிலீவர் 2025 ஜனவரியில் அறிவித்தது. அப்போது அந்த நிறுவனத்திற்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 2,955 கோடி ரூபாய். ஐந்தே வருடத்தில் இந்த வளர்ச்சி என்றால், வாடிக்கையாளர் எந்தப் பக்கம் போகிறார் என்பது விளங்கும்.

சீரங்களிலும் அதிகம் கேட்கப்படுவது 'முகத்துத் துளை சுருக்கும் சீரம்'. பிள்ளைகள் செல்போனில் படத்தைக் காட்டி, "இது இருக்கா அண்ணாச்சி?" என்கிறார்கள். இருந்தால் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அடுத்த கேள்வி, "இது வேலை செய்யுமா?" என்பது. இதற்கு நாம் என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடை ஒன்றில் சில மாதங்களுக்கு முன் ஒரு தகராறு. கல்லாவில் நின்ற பையன், "பத்தே நாளில் துளையெல்லாம் மறைந்துவிடும்" என்று சொல்லி விற்றிருக்கிறான். பத்தாம் நாள் அந்தப் பெண் பாதிக் குப்பியுடன் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதே தெருவில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். கடைக்காரர் மூன்று குப்பிகளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உடைத்த சரக்கைக் கம்பெனி திரும்ப எடுக்காது. பணம் பெரிதல்ல, ஆனால் இருபது வருடமாக அவரிடம் சாமான் வாங்கிய குடும்பம் ஒன்று அதோடு வருவதை நிறுத்திவிட்டது. இந்தச் சரக்கைத் தொடர்ந்து வைப்பதா, விடுவதா என்று அப்போதுதான் யோசித்தேன். விளம்பரத்தை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பதே சரி என்று முடிவு செய்தேன்.

துளை என்பது என்ன?

முதலில் சரக்கு எதன் மேல் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் துளை என்று சொல்வது மயிர்க்காலின் வாய். அதனுடன் சேர்ந்த எண்ணெய்ச் சுரப்பியின் எண்ணெய் அந்த வழியாகத்தான் தோலுக்கு வெளியே வருகிறது. இந்தத் துளைக்குத் திறந்து மூடும் தசை கிடையாது. ஆகவே "வெந்நீரில் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும்" என்று சொல்வதெல்லாம் வாய்வழிக் கதை. வெந்நீர் எண்ணெய்ப் பசையை இளக்கும், அவ்வளவே.

துளை பெரிதாகத் தெரிவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள். ஒன்று, எண்ணெய் அதிகம் சுரப்பது. இரண்டு, எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து வாயில் அடைத்து நிற்பது. மூன்று, வயதாலும் வெயிலாலும் தோலின் இறுக்கம் தளர்ந்து, துளையைச் சுற்றியுள்ள தாங்கல் குறைவது. இவற்றோடு பரம்பரையும் சேர்கிறது. எனவே துளையை அடியோடு இல்லாமல் ஆக்கும் சரக்கு உலகத்தில் எங்கும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கொஞ்சம் குறைக்கலாம்.

குப்பிக்குள் இருப்பது

இத்தகைய சீரம்களில் பெரும்பாலும் இருப்பது நியாசினமைடு. இது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 100 ஜப்பானியர் பங்கேற்ற பிரிவில், 2 சதவீத நியாசினமைடு பூசியவர்களுக்கு இரண்டு வாரத்திலும் நான்கு வாரத்திலும் முகத்தில் எண்ணெய் சுரக்கும் அளவு குறைந்ததாகக் கண்டார்கள். கவனிக்க வேண்டியது, அது 2 சதவீதம். இன்று குப்பிகளில் 10 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எண் பெருகினால் பலனும் அதே அளவில் பெருகும் என்று எண்ண வேண்டாம். சிலருக்கு எரிச்சல்தான் பெருகும்.

இரண்டாவது, சாலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையும் தன்மையுள்ளது. ஆகவே துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். மூன்றாவது, ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ வகை. இது வேலை செய்யும், ஆனால் தோலை உரித்து எரிச்சலும் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இந்த ஒன்றையாவது கல்லாவில் நிற்பவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்காவதாக டைமெத்திகோன், சிலிக்கா போன்றவை. பூசிய மறு நிமிடமே முகம் வழவழப்பாகத் தெரிந்தால் இவற்றின் வேலைதான். சுவரில் பட்டி பார்ப்பது போலப் பள்ளத்தை நிரப்பிக் காட்டும். முகம் கழுவினால் போய்விடும். இதில் தவறில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அதுவே போதும். ஆனால் அதை 'நிரந்தரத் தீர்வு' என்று சொல்லி விற்கக் கூடாது.

எட்டு வாரச் சோதனை

10 சதவீத நியாசினமைடு உள்ள சீரத்தில் மூன்று குப்பி எடுத்தோம். சோதித்தவர்கள் மூன்று பேர்: அறுபதைக் கடந்த நான், முப்பது வயதுள்ள என் மருமகள், எண்ணெய் வழியும் முகமுள்ள எங்கள் கடைப் பையன். தராசில் ஒரு தட்டில் படிக்கல் இல்லாமல் நிறுக்க முடியுமா? அதுபோல, மூவரும் வலது கன்னத்திலும் மூக்கின் வலது பக்கத்திலும் மட்டும் பூசுவது, இடது பக்கத்தைச் சும்மா விடுவது என்று ஏற்பாடு. காலை இரண்டு சொட்டு, இரவு இரண்டு சொட்டு. வாரம் ஒருமுறை ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில், முகம் கழுவிய பின் போட்டோ எடுத்தோம். தொடங்குவதற்கு முன் முன்கையின் உள்பக்கத்தில் இரண்டு நாள் பூசி, அரிப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டோம்.

முதல் இரண்டு வாரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரத்தில் பையனுக்கு வித்தியாசம் தெரிந்தது. மத்தியானம் டிஷ்யூ காகிதத்தை மூக்கின் இரு பக்கமும் ஒற்றி எடுத்தால் இடது பக்கக் காகிதத்தில் எண்ணெய் அதிகம், வலது பக்கத்தில் குறைவு. எட்டாம் வாரத்தில் மூக்கை ஒட்டிய துளைகள் வலது பக்கம் சற்று மங்கித் தெரிந்தன. அருகில் வந்து பார்த்தால்தான் தெரியும்; நாலடி தள்ளி நின்றால் தெரியாது. பருக்கள் இரு பக்கமும் ஒன்று போலவே இருந்தன.

மருமகளுக்கு மூன்றாம் வாரத்தில் எரிச்சல். விசாரித்தால், அவர் ஏற்கெனவே சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ் வாஷ் உபயோகித்து வந்தார். இரண்டும் சேர்ந்து அவர் தோலுக்கு அதிகமாகிவிட்டது என்று தோன்றியது. ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு இரவில் மட்டும் பூசியதும் எரிச்சல் வரவில்லை. பலன் சுமார்.

எனக்கோ, எண்ணெய்ப் பசை சிறிது குறைந்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை. என் வயதில் துளை தெரிவதற்குக் காரணம் தளர்ந்த தோல். எண்ணெயைக் குறைக்கும் சரக்கு தளர்ச்சியை எப்படிச் சரி செய்யும்? மூன்று பேரை வைத்துச் செய்தது விஞ்ஞான ஆய்வாகாது. ஆனால் யாருக்குச் சொல்லி விற்கலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு விளங்கியது.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு

ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. 30 மில்லிக் குப்பியில் சுமார் 600 சொட்டு. முழு முகத்திற்குக் காலை நான்கு, இரவு நான்கு என்றால் 75 நாள் வரும். குப்பி 600 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 8 ரூபாய். இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். விலை அதிகம் என்று தயங்குபவருக்கும் தெளிவு வரும். "எட்டு வாரம் பூசிப் பாருங்கள், எண்ணெய் குறையலாம், துளை கொஞ்சம் மங்கலாம், அடியோடு மறையாது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லுங்கள். வெயில்தான் தோலைத் தளர்த்துகிறது என்பதால் இது உண்மையான யோசனை. அதிலும் ஒரு வியாபாரம் இருக்கிறது.

சட்டம் சொல்வது

1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ், 2020 டிசம்பரில் அழகுப்பொருள்களுக்கென்று தனி விதிகள் வந்தன. லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், காலாவதி மாதம், உள்ளடக்கப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் விவரமும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். அட்டைப் பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தாலே போலிச் சரக்கில் பாதியைப் பிடித்துவிடலாம்.

நம்மை நேராகத் தொடுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் மட்டுமே பொறுப்பு என்று இருந்துவிட முடியாது. தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகக் கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால், விற்பவர் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கானாலும் விற்பவர் பொறுப்பு. எச்சரிக்கை வாசகத்தை வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டாலும் அப்படியே. ஆகவே கல்லாப் பையன் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதன் பாரம் முதலாளி தலையில்தான் விழும்.

பில் போடும்போதும் கவனம் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் டால்கம் பவுடரும் ஃபேஸ் பவுடரும் 5 சதவீத ஜி.எஸ்.டி.க்கு வந்துவிட்டன. கிரீம், சீரம் ஆகியவை 18 சதவீதத்திலேயே உள்ளன. எல்லாவற்றுக்கும் எச்.எஸ்.என். எண் 3304 என்றே தொடங்குவதால் கம்ப்யூட்டரில் மாற்றிப் போட்டுவிட வாய்ப்புண்டு.

விலக்க வேண்டிய சரக்கு

சீரத்தைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. "மூன்றே நாளில் வெளுப்பு, துளையும் போகும்" என்று பெயர் தெரியாத கிரீம்கள் உலாவுகின்றன. லாபம் இரண்டு மடங்கு என்று ஆசை காட்டுகிறார்கள். இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முதலில் முகம் பளபளக்கும்; பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரோமம் முளைத்து, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். இப்படிப் பல பெண்கள் கெட்ட பிறகே, 2018இல் மத்திய அரசு மேலே பூசும் ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அழகுப்பொருள் விற்க மருந்து உரிமம் தேவையில்லை. ஆனால் இது மருந்து. பேன்சி ஸ்டோரில் வைத்தால் குற்றம். வேறு சிலவற்றில் பாதரசம் கலப்பதும் உண்டு. அது சிறுநீரகத்தையே பாதிக்கும். பில் இல்லாமல் வரும் இப்படிப்பட்ட சரக்கை எங்கள் கிட்டங்கிக்குள் இறக்க விடுவதில்லை.

சரக்கு வைக்கும் முறை

சீரம் வைப்பவர்கள் ஒரே நேரத்தில் பெட்டி பெட்டியாக எடுக்க வேண்டாம். அரை டஜன் போதும். முன் வந்தது முன் போகட்டும். நியாசினமைடு எளிதில் கெடாது. ஆனால் வைட்டமின் சி சீரம் சூட்டிலும் வெளிச்சத்திலும் பழுப்பாகிவிடும். ஆகவே வெயில் விழும் கண்ணாடி ஷோகேஸில் அடுக்காதீர்கள். சோதித்துப் பார்க்க ஒரு குப்பியைத் தனியே திறந்து வைத்து, வருபவர் கையில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள்.

எங்கள் கடையில் இந்தச் சீரத்தைத் தொடர்ந்து வைத்திருக்கிறோம். எடுக்கும் சில்லறைக் கடைகளிடம், நாள் கணக்கு வாக்குக் கொடுத்து விற்றதற்குத் திரும்பல் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செல்போனில் ஆர்டர் போட்டால் நம்மைவிடப் பத்து ரூபாய் குறைவாக வீட்டுக்கே வரும். விலையில் அதனோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் "உன் முகத்துக்கு இது வேண்டாம்மா, சோப்பை மாற்றிப் பார்" என்று சொல்லும் வாய் செல்போனுக்கு இல்லை. ஒரு குப்பி விற்காமல் போனாலும் அந்தப் பெண் அடுத்த மாதச் சாமானுக்கு நம் கடைக்குத்தான் வருவாள். வணிகர்கள் தத்தம் கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.