உருண்டு கிடக்கும் உயிர்

மழை பெய்த மறுநாள் இரவு, உடைமரக் காட்டின் ஓரமாய் டார்ச் விளக்கோடு நடந்தேன். “சத்தம் போடாம வாம்மா, தானா வெளிய வரும்” என்றார் ஆடு மேய்க்கும் தாத்தா. கொஞ்ச நேரத்தில் சருகு சலசலத்தது. கைக்குள் அடங்கும் முள்ளெலி ஒன்று, வெளிச்சம் பட்டதும் பந்தாகச் சுருண்டது.

இது தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் இனம். 1851இல் விலங்கியலாளர் ஹார்ஸ்ஃபீல்டு இதற்கு அறிவியல் பெயரிட்டார். பகலில் வளையிலோ புதருக்கடியிலோ உறங்கும். இரவில் வண்டு, கரையான், புழுக்களைத் தேடித் தின்னும்.

விளக்கை அணைத்துக் காத்திருந்தேன். மூக்கு நீண்டது, கால்கள் முளைத்தன, புதருக்குள் போய்விட்டது. எச்சத்தையும் கால்தடத்தையும் அளந்து, இடத்தைக் குறித்துக்கொண்டேன். முள்ளெலி வாழும் இடங்களைத் தேடுவதில், பொறி வைப்பதைவிட மேய்ப்பர்களின் நினைவு எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

கக்குவான் இருமலுக்கு மருந்தென்று இதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்குத் தப்பினாலும், சாலையில் வண்டி வரும்போது ஓடாமல் சுருண்டே கிடக்கும், நசுங்கிப்போகும். புதர்க்காட்டைத் தரிசு என்று அழிக்கும்போது அதன் வீடும் போகிறது. அந்தக் காடு தரிசல்ல, தாத்தாவின் மேய்ச்சல் நிலம், முள்ளெலியின் ஊர்.