கொள்கையும் கட்சியும்: அமெரிக்கச் சுதந்திரவாதிகள் பற்றிய ஒரு நோக்கு

அரசின் அதிகாரத்தை இயன்றளவு குறுக்கி, தனிமனிதனுக்குத் தன் உடல், உழைப்பு, சொத்து ஆகியவற்றின் மீதுள்ள உரிமையையே அரசியலின் முதற்கோட்பாடாகக் கொள்ளும் சிந்தனையை நாம் இங்கு 'சுதந்திரவாதம்' எனக் குறிப்பிடுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவில் இது 'லிபட்டேரியனிசம்' என வழங்கும். 'தாராண்மைவாதம்' என்ற சொல் எம்மிடையே வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டமையால் இத்தனிச்சொல் வேண்டப்படுகின்றது. வரியையும் பொருளாதாரக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும்போது சுதந்திரவாதிகள் வலதுசாரிகளின் பக்கம் நிற்பர். போரையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் தணிக்கையையும் எதிர்க்கும்போது இடதுசாரிகளுக்கு அருகில் வருவர். ஆகவே அந்நாட்டின் இரு பெருங்கட்சிகளில் எதுவும் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. இருந்தும் அவர்களுட் குறிப்பிடத்தக்க பலர் குடியரசுக் கட்சிக்குள்ளேயே பணியாற்றி வந்துள்ளனர்.

தனிக்கட்சி காணும் முயற்சியும் நடைபெறாமலில்லை. 1971 ஆகஸ்ட் 15இல் குடியரசுக் கட்சி ஜனாதிபதியான நிக்சனே ஊதியங்களையும் விலைகளையும் அரச ஆணையால் நிறுத்திவைத்து, டொலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பையும் துண்டித்தார். இதனால் வெறுப்புற்றோர் அவ்வாண்டு டிசெம்பரில் கொலராடோவில் லிபட்டேரியன் கட்சியை நிறுவினர். அதன் வேட்பாளர் 1980இல் ஏறத்தாழ 9 இலட்சத்து 20 ஆயிரம் வாக்குகளைப் பெற்றார். அது 1 வீதத்தைச் சற்றே தாண்டியதாகும். 2016இல் கரி ஜோன்சன் ஏறத்தாழ 45 இலட்சம் வாக்குகள் பெற்றபோதும் வீதம் மூன்றைச் சிறிதளவே கடந்தது. தொகுதிக்கு ஒருவர் என்ற பெரும்பான்மை முறையில், நாடெங்கும் சிதறிக்கிடக்கும் வாக்குகள் ஆசனங்களாவதில்லை.

ஆனால் அதே முறையில் வேறொரு வாயிலும் உண்டு. அங்கு கட்சி வேட்பாளரைத் தலைமைப்பீடம் நியமிப்பதில்லை. முதனிலைத் தேர்தலில் வாக்காளரே தெரிவுசெய்கின்றனர். எமது நாட்டில் வேட்புமனு தலைமையின் கையிலேயே இருப்பதால், இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது அமெரிக்கக் கட்சிகளை விளங்கிக்கொள்ள முடியாது.

டெக்சாஸ் மாநில மகப்பேற்று மருத்துவரான றொன் போல் இவ்வாயிலூடாக நுழைந்தவர். 1976இல் கொங்கிரசிற்குத் தெரிவான அவர், 1987இல் குடியரசுக் கட்சியைத் துறந்து, மறுவருடம் லிபட்டேரியன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார். கிடைத்ததோ அரை வீதத்துக்கும் குறைவு. 1996இல் பழைய கட்சிக்கே திரும்பினார். கட்சித் தலைமை அவரது போட்டியாளரை ஆதரித்தபோதும் முதனிலைத் தேர்தலில் வென்றார். 2002இல் ஈராக் போருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த பிரதிநிதிகள் சபைக் குடியரசுக் கட்சியினர் அறுவரே; அவருள் இவரும் ஒருவர். கட்சிக்குள் இருந்தமையாலேயே 2012 முதனிலைத் தேர்தல்களில் ஏறத்தாழ 20 இலட்சம் வாக்குகளைப் பெற முடிந்தது. அவ்வாண்டிலேயே மத்திய வங்கியைக் கணக்காய்வு செய்யக்கோரும் அவரது மசோதா சபையில் 327க்கு 98 என நிறைவேறியது, செனற்றிலோ நிறைவேறவில்லை.

இதற்கான விலை சிறிதன்று. தமது தொகுதிக்கான நிதி ஒதுக்கீடுகளைச் செலவின மசோதாக்களில் சேர்ப்பித்துவிட்டு, அம்மசோதாக்களையே எதிர்த்து வாக்களிப்பது அவர் வழக்கம். எப்படியும் நிறைவேறப்போகும் மசோதாவிலிருந்து மக்கள் செலுத்திய வரியின் ஒரு பகுதியை மீட்பதாக அவர் நியாயம் கூறினார். தர்க்கத்தில் இது பிழையற்றதாகத் தோன்றலாம். ஆனால் பிறர் ஆதரவு வாக்கினால் கிட்டும் பயனைத் தமது எதிர்ப்பு வாக்கின் தூய்மையோடு சேர்த்து அனுபவிப்பதையே நாம் இங்கு காண்கின்றோம்.

பொருளியலாளர் மில்ரன் பிறீட்மன் சென்ற வழி வேறு. கொள்கையால் தாம் சுதந்திரவாதி எனவும், நடைமுறைப் பயன் கருதியே குடியரசுக் கட்சியைச் சார்ந்திருப்பதாகவும் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறிவந்தார். 1969இல் நிக்சன் அமைத்த ஆணைக்குழுவில் அங்கம் வகித்து, கட்டாய ஆட்சேர்ப்பை ஒழிக்குமாறு பரிந்துரைத்தோருள் அவரும் ஒருவர். 1973இல் அது ஒழிந்தது. கொள்கைவாதியின் குரல் இங்கு செவிமடுக்கப்பட்டமைக்குக் காரணம், வியற்நாம் போர் எதிர்ப்பினால் அல்லலுற்ற அரசுக்கும் அது தேவையாயிருந்தமையே. அதே நிக்சன் விலைகளைக் கட்டுப்படுத்த முனைந்தபோது பிறீட்மனின் எதிர்ப்பு எடுபடவில்லை. கட்சி தனக்கு வேண்டியதை மட்டும் அக்கொள்கையிலிருந்து எடுத்துக்கொண்டது என்பதே எமது கருத்து.

முற்போக்காளர் பிறிதொன்றையும் கருத வேண்டும். 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டத்தின் நாற்பதாவது ஆண்டைப் போற்றும் தீர்மானம் 2004இல் சபைக்கு வந்தபோது எதிர்த்து விழுந்த ஒரேயொரு வாக்கு றொன் போலினுடையது. சொத்துரிமையில் அரசு தலையிட்டமையே அவர் கூறிய ஆட்சேபம். உணவகத்தில் அமரவும் விடுதியில் தங்கவும் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்ட சுதந்திரம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இதனைக் கட்சியின் நிர்ப்பந்தம் என்றுகூடக் கூறவியலாது. அவரது கட்சியினர் யாவரும் அன்று மறுபக்கமே வாக்களித்தனர்.

கட்சியைவிட்டு வெளியேறியோரின் கதை சுருக்கமானது. மிச்சிகன் பிரதிநிதி ஜஸ்ரின் அமாஷ் 2019 ஜூலை 4இல் குடியரசுக் கட்சியிலிருந்து விலகினார். மறுவருடம் லிபட்டேரியன் கட்சியிற் சேர்ந்து, கொங்கிரசில் அக்கட்சியின் முதல் உறுப்பினரானார். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் தமது ஆசனத்துக்கு மீண்டும் போட்டியிடவில்லை.