ரூட் கெனால் செய்த பல் மறுபடியும் வலிக்குதா? பிடுங்குவதற்கு முன் இதை படிங்க

புதுக்கோட்டை,

சொத்தைப்பல் வலி தாங்காமல் கடனை உடனை வாங்கி ரூட் கெனால் செய்து, மேலே கேப்பும் போட்டாச்சு. 2 வருஷம் நல்லாத்தான் இருந்தது. திடீர்னு ஒருநாள் ராத்திரி அதே பல்லில் விண்விண் என்று வலி. காலையில் பார்த்தால் கன்னம் வீங்கி கிடக்கிறது.

"நரம்பைத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று பலரும் குழம்புகிறார்கள். போட்ட காசு போச்சே என்ற கோபத்தில், "பிடுங்கி போடுங்க சார்" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் இப்படி வலிக்கிற பற்களில் பலவற்றை பிடுங்காமலே காப்பாற்ற முடியும்.

ஏன் வலிக்கிறது?

பல்லுக்குள் இருந்த நரம்பை எடுத்தது உண்மைதான். ஆனால் வேரை சுற்றி உயிருள்ள எலும்பும், தசைநாரும் இருக்கிறது. வேருக்குள் தங்கிவிட்ட கிருமி நுனி வழியாக வெளியே வந்து அங்கே சீழ் கட்டும்போதுதான் வலிக்கிறது.

மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் 3 வேர் இருக்கும். ஆனால் உள்ளே 4 குழாய் இருப்பது சகஜம். அந்த 4-வது குழாய் மயிரிழை மாதிரி மெல்லியது. அது கண்ணில் படாமல் விடுபட்டால் கிருமி உள்ளேயே தங்கிவிடும். வேர் வளைந்திருந்தாலும் முழுசாக சுத்தம் செய்வது கஷ்டம்.

வலி போய்விட்டதே என்று கேப் போடாமல் விடுவது இன்னொரு காரணம். அடைப்பு வழியாக எச்சில் கசிந்து உள்ளே போகும். பல்லும் விரிசல் விடும். கேப்புக்கு அடியில் புது சொத்தை வருவதும் உண்டு.

என்ன வழி?

1. மறுபடியும் ரூட் கெனால்: பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். கேப்பை கழற்றி, பழைய அடைப்பை எடுத்து, விடுபட்ட குழாயை தேடி சுத்தம் செய்து திரும்ப அடைப்பார்கள். முதல் தடவையைவிட நேரம் அதிகம் பிடிக்கும். புது கேப் போட வேண்டி வரலாம்.

2. வேர்நுனி ஆபரேஷன்: கேப்பை கழற்ற முடியாவிட்டாலோ, மறுபடி செய்தும் சீழ் நிற்காவிட்டாலோ இது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை லேசாக திறந்து, வேரின் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி எடுத்து, அந்த துவாரத்தை அடைத்து தையல் போடுவார்கள். எலும்பு திரும்ப வளர பல மாதம் ஆகும்.

3. பல்லை எடுப்பது: வேர் நெடுக்காக பிளந்துவிட்டால் பெரும்பாலும் வேறு வழியில்லை. அந்த இடத்தில் கழற்றி மாட்டும் பல் செட் வைக்கலாம். செலவு குறைவு. பக்கத்து பற்களை தேய்த்து பிரிட்ஜ் கட்டலாம். இல்லாவிட்டால் எலும்பில் திருகு பதிக்கும் இம்பிளான்ட். இதற்குத்தான் செலவு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இது சரியாக பிடிக்காமல் போகலாம்.

மாத்திரை மட்டும் போதாது

மெடிக்கல் ஷாப்பில் 2 மாத்திரை வாங்கி போட்டால் வலி அடங்கும். ஆனால் வேருக்குள் இருக்கும் கிருமியை மாத்திரை ஒழிக்காது. ஈறில் சின்ன கொப்புளம் வந்து சீழ் வடிந்ததும் வலி நின்றுவிடும். அதை குணமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கலாம்.

தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க சிரமம், மூச்சு திணறல் இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

எங்கே காட்டலாம்?

சென்னை, சிதம்பரத்தை அடுத்து 2023-ம் ஆண்டு புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக்கல்லூரி திறக்கப்பட்டது. தனியாரில் பெரிய தொகை கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதுபோன்ற இடத்தில் ஒருமுறை காட்டி யோசனை கேட்கலாம்.

டாக்டரிடம் 3 கேள்வியை தயங்காமல் கேளுங்க. வேர் பிளந்திருக்கிறதா? மறுபடி ரூட் கெனால் செய்தால் பல் நிற்குமா? கேப்போடு சேர்த்து மொத்த செலவு எவ்வளவு?

போகும்போது பழைய எக்ஸ்ரேயையும், தினமும் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சீட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துட்டு போங்க.