கையெழுத்திடுபவரைக் கண்காணிப்பவர் யார்?

நமக்காக முடிவெடுப்பவர்கள் – 11

கமுண்டிங்கிலோ அசாம் கும்பாங்கிலோ புதிதாக எழும்பியிருக்கும் தாமானில் ஒருவர் வீடு வாங்குகிறார். வங்கி, வழக்கறிஞர், மேம்பாட்டாளர் என்று மூன்று வாசல்களும் ஏறி இறங்கிச் சாவியைக் கையில் வாங்கும்போது கூடவே ஒரு தாளும் வரும். ‘எஃப்’ படிவம் என்பார்கள். கட்டடம் முடிந்தது, விதிகளுக்கு இணங்கியிருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ் அது. சுருக்கமாக சிசிசி. பலர் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. கோப்பில் வைத்துவிட்டுப் பால் காய்ச்சும் நாளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கொஞ்சம் நின்று அந்தத் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள். தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் சார்பில் அங்கே எந்த அதிகாரியும் கையெழுத்திட்டிருக்கமாட்டார். ஒரு கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளர், சிறு கட்டடமென்றால் பதிவு பெற்ற வரைவாளர், தம் பெயரில், தம் பதிவெண்ணோடு கையெழுத்திட்டிருப்பார். “இந்த வீட்டில் குடியிருக்கலாம்” என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

2007 ஏப்ரல் 12 வரை இந்த வழக்கம் இல்லை. அதற்கு முன்பு ஊராட்சி மன்றம்தான் குடிபுகத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும். சிஎஃப், சிஎஃப் என்று எத்தனை குடும்பங்கள் அலைந்திருக்கின்றன! வீடு கட்டி முடிந்து பல மாதம் ஆகியும் சான்றிதழ் வராமல், ஒரு பக்கம் வங்கித் தவணை, இன்னொரு பக்கம் வாடகை என்று இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்களைப் பேராக்கில் எந்த ஊரிலும் காணலாம். அந்தத் தாமதத்தைப் போக்கத்தான் பொறுப்பை அரசு தொழில்முறையாளர்களிடம் ஒப்படைத்தது. மண்வேலை, அடித்தளம், கட்டமைப்பு, கழிவுநீர், மின்சாரம், தீத்தடுப்பு, வடிகால் என்று ‘ஜி1’ முதல் ‘ஜி21’ வரை இருபத்தொரு படிவங்கள். ஒவ்வொன்றிலும் அந்த வேலையைச் செய்தவரும் மேற்பார்த்த தொழில்முறையாளரும் கையெழுத்திட வேண்டும். அவையெல்லாம் சேர்ந்த பிறகுதான் ‘எஃப்’ பிறக்கும்.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவரவில்லை. வேலை தெரிந்தவரே பொறுப்பேற்பது நல்ல முறைதான். ஆனால் இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒரு தொழிலின் கையில் கொடுத்தபோது, அந்தத் தொழிலை ஆளுபவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்டோமா? சென்ற வாரம் நகராண்மைக் கழக உறுப்பினர்களைப் பற்றிப் பார்த்தோம். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயே போய்விட்டது. வாக்களித்து அமைக்காத ஒரு மன்றத்திடமிருந்து, வாக்களித்து அமைக்காத இன்னொரு வாரியத்தின் கண்காணிப்புக்கு நம் வீட்டுக் கூரை இடம் மாறியிருக்கிறது. அந்த வாரியத்தின் கதைதான் இந்த வாரம்.

முதலில், கையெழுத்து பொய்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1993 டிசம்பர் 11. உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று, பல நாள் மழைக்குப் பிறகு பின்னாலிருந்த குன்றோடு சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் தீர்ப்பளித்தார். கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர் உண்மையில் ஒரு வரைவாளர் என்பது அதில் பதிவாயிற்று. மலைச்சரிவின் வடிகால் வேலையில் சிறு பகுதிதான் முடிந்திருந்தது. ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதாக அதிகாரிகளுக்குப் பொறியியலாளரின் உறுதி போயிருந்தது. பொறுப்பைப் பலருக்கும் பங்கிட்ட நீதிபதி, பொறியியலாளருக்குப் பத்து விழுக்காடு என்று வைத்தார். ஊராட்சி மன்றத்துக்கு வைத்த பங்கை 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் நீக்கிவிட்டது. மன்றத்தின் மீது கைவைக்க முடியாது என்றானபின், குடியிருப்பவருக்கு மிஞ்சிய பிடிமானங்களில் முக்கியமானது தொழில்முறையாளரின் பொறுப்புத்தான்.

தைப்பிங்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீபகற்பத்தில் மழை அதிகம் பெய்யும் ஊர் நம்முடையது. லாருட் மலைப்பாதை மண்சரிவால் நெடுங்காலம் மூடிக் கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். மலையடிவாரத்தில் ஒரு வடிகாலின் அகலத்தை முடிவு செய்பவர் எத்தனை பேரின் உறக்கத்துக்குப் பொறுப்பு என்பது நவம்பர் மழையில் விழித்திருந்தவருக்குத் தெரியும்.

இனி வாரியம். 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 ஆகஸ்ட் 23-இல் அமைந்தது மலேசியப் பொறியியலாளர் வாரியம். பிஇஎம் என்றால் துறையில் எல்லோருக்கும் தெரியும். பட்டம் பெற்ற இளைஞர் இங்கே பதிவு செய்யாமல் பொறியியலாளராகத் தொழில் செய்ய முடியாது. சில ஆண்டு அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் முடிந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் ‘இர்.’ போடலாம். 2015-இல் திருத்தப்பட்ட சட்டம் இன்னொரு படியையும் சேர்த்தது: திட்டங்களைச் சமர்ப்பித்துக் கையெழுத்திட வேண்டுமானால் தனியாக ஒரு தொழில் நடத்தும் சான்றிதழ் வேண்டும். தவறு செய்தால் எச்சரிக்கலாம், அபராதம் விதிக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம், ஒரேயடியாக நீக்கலாம். ஒருவரின் இருபது ஆண்டு உழைப்பை ஒரு கூட்டத்தில் முடித்துவைக்கும் அதிகாரம்.

இந்த அதிகாரத்தில் அமர்பவர்களைப் பொதுப்பணி அமைச்சர் நியமிக்கிறார், ஒருவர் விடாமல். அரசுப் பணியிலுள்ள பொறியியலாளர்கள் சிலர், மலேசியப் பொறியியலாளர் கழகம் முன்மொழியும் பெயர்களிலிருந்து சிலர், கட்டடக் கலைஞர் வாரியத்திலிருந்தும் அளவை மதிப்பீட்டாளர் வாரியத்திலிருந்தும் ஒவ்வொருவர் என்று அமைப்பு போகிறது. தலைவர் நாற்காலியில் பொதுப்பணித் துறையான ஜேகேஆரின் தலைமை இயக்குநராக இருப்பவரையோ இருந்தவரையோ பலமுறை பார்த்திருக்கிறோம். வாரியத்தின் அலுவலகமே நெடுங்காலம் ஜேகேஆர் தலைமையகக் கட்டடத்தில்தான் இயங்கியது. நாட்டில் பொறியியலாளர்களை அதிகம் வேலைக்கு வைத்திருக்கும் துறைகளில் ஒன்று ஜேகேஆர். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டுவதும் அதுதான். அதன் பணியில் ஒரு குறை நேர்ந்தால் விசாரிக்க வேண்டிய இடமும் அதன் நிழலிலேயே இருப்பது சரியில்லை. அந்தப் பதவியில் அமர்ந்தவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நேர்மையான மனிதரையும் சங்கடத்தில் தள்ளும் ஏற்பாடு இது என்கிறேன்.

கழகம் என்றேனே, ஐஇஎம், அது வேறு அமைப்பு. 1959 மே 1-இல், மெர்டேக்காவுக்கு இரண்டாண்டு கழித்துத் தொடங்கியது. அதற்கு முன்பு இங்கிருந்த பொறியியலாளர்கள் தகுதிக்கு லண்டன் கழகங்களையே நம்பியிருந்தார்கள். ஐஇஎம் உறுப்பினர்கள் வாக்களித்துத் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஈப்போவில் பேராக் கிளை இருக்கிறது. ஆகவே பொறியியலாளருக்கு வாக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் ஐஇஎம் மன்றத்துக்கு வாக்களிக்கிறார், மன்றம் பெயர்களை அனுப்புகிறது, அமைச்சர் அவற்றிலிருந்து பொறுக்குகிறார். இரண்டு வடிகட்டிகளைத் தாண்டி அவருடைய குரல் வாரியத்தைச் சேர்கிறது.

ஆனால் பிஇஎம் பதிவு கட்டாயம். ஐஇஎம்மில் சேர்வது அவரவர் விருப்பம். கமுண்டிங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியியலாளர் ஐஇஎம் சந்தா கட்டவில்லை என்று வையுங்கள். ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கட்டணம் கட்டுவார், அதன் ஒழுங்கு விதிகளுக்குக் கட்டுப்படுவார், அதன் தண்டனைக்கும் உள்ளாவார். அந்த வாரியத்தில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல அவருக்கு அரை வடிகட்டிகூட இல்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

தைப்பிங்கில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஒரு பழைய கணக்கும் நினைவுக்கு வருகிறது. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் 1-இல் இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோலா செபெத்தாங்குக்கு, ஓடியது. அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினர் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் குமாஸ்தாவாக, நிலைய அதிபராக, மேற்பார்வையாளராக யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்தார்கள். பொறியியலாளர் என்ற நாற்காலி மட்டும் வெள்ளைக்காரருக்கு. பாதை போட்டவனுக்குப் பாதை எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளும், ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்தவர்களின் பிள்ளைகளும் கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் நிபோங் திபாலிலும் பொறியியல் படிக்கிறார்கள். நாற்காலி கிடைத்துவிட்டது. அது எந்த மேசைக்கு முன்னால் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

அப்படியென்றால் வாரியம் முழுவதையும் தேர்தலுக்கு விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் கனடாவின் அனுபவம் நம்மைத் தடுக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியியலாளர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு 1922-இல் தோன்றியது. அதன் மன்றத்தில் பெரும்பாலோரைப் பொறியியலாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதிப் பேரை மாகாண அரசு நியமிக்கிறது, அவர்களில் பொறியியலாளர் அல்லாதவரும் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்களிப்பவர் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத தேர்தல்கள் அங்கே வாடிக்கை. 2012 ஜூன் 23-இல் எலியட் லேக் என்ற சிற்றூரில் ஒரு பேரங்காடியின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பல்லாண்டு நீர்க்கசிவு இரும்பை அரித்திருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஆய்வு சொல்லியிருந்தது. விசாரணை ஆணையம் 2014-இல் கொடுத்த அறிக்கை பொறியியல் அமைப்பையும் விட்டுவைக்கவில்லை. 2019-இல் ஹாரி கேட்டன் என்ற பிரிட்டிஷ் நிபுணர் அந்த அமைப்பை ஆராய்ந்து, அது பொதுமக்களின் காவலாளியா உறுப்பினர்களின் சங்கமா என்பதில் தானே குழம்பியிருக்கிறது என்று எழுதினார்.

இன்னொன்று தமிழர்களைத் தொட்டது. பேராதனையிலும் மொரட்டுவையிலும் படித்துவிட்டு டொரொன்டோவில் குடியேறிய ஈழத்தமிழ்ப் பொறியியலாளர்களும், உலகின் பிற பக்கங்களிலிருந்து வந்தவர்களும், கனடாவிலேயே வேலை அனுபவம் இருந்தால்தான் உரிமம் என்ற விதியில் முட்டி நின்றார்கள். உரிமம் இல்லாதவருக்கு அந்த அமைப்பின் தேர்தலில் வாக்கு இல்லை. வாக்கில்லாதவரின் குறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் காதில் விழவில்லை. மாகாணச் சட்டமன்றம் 2021-இல் சட்டம் போட்ட பிறகுதான், 2023 மே மாதம் அந்த விதி நீங்கியது. உள்ளே இருப்பவர்களின் வாக்கு உள்ளே இருப்பவர்களையே காக்கும்.

அதற்காக ஒழுங்குமுறையே வேண்டாம் என்று எந்த நல்ல மனமும் சொல்லாது. இந்தியாவில் பொறியியலாளர்களுக்கென்று நாடு தழுவிய பதிவுச் சட்டம் இல்லை; கட்டடக் கலைஞர்களுக்கு 1972 முதல் உண்டு. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, “இந்தப் பொறியியலாளரை நாங்களே விசாரிக்கிறோம்” என்று முன்வரச் சட்டபூர்வமான வாரியம் ஒன்று அங்கே இருக்கவில்லை. அந்த வகையில் நம் நாடு முன்னே நிற்கிறது. சங்கம் வேறு, காவல் வேறு என்று பிரித்துவைத்ததும் சரியான அமைப்பு. கேட்டன் ஒன்டாரியோவுக்குச் சொன்னதில் பாதி நம்மிடம் 1972-இலேயே இருந்தது.

இல்லாததைத்தான் கேட்க வேண்டும். வாரியத்தில் சில இடங்களையாவது, ஐஇஎம் உறுப்பினரோ இல்லையோ, பதிவு பெற்ற பொறியியலாளர் அனைவரும் நேரடியாக வாக்களித்து நிரப்பட்டும். அவற்றில் ஒன்று கிளாங் பள்ளத்தாக்குக்கு வெளியே வேலை செய்பவருக்கு ஒதுக்கப்படட்டும். தைப்பிங் மழையும் கேமரன் மலைச்சரிவும் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வீடு வாங்குபவருக்கான இடம். சட்டம் அவருக்கென்று நாற்காலி எதையும் ஒதுக்கவில்லை. கணக்கு தெரியாதவர் பொறியியல் வாரியத்தில் என்ன செய்வார் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விரிசலுக்கு அடியில் படுத்துறங்குபவர் கேட்கும் கேள்வியைக் கேட்பார். எல்லோரும் ஒரே தொழில்காரராக அமர்ந்திருக்கும் அறையில் அந்தக் கேள்வி எளிதில் எழாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லாத காரியமும் இருக்கிறது. பேராக்கிலுள்ள ஐஇஎம் உறுப்பினர்களே, உங்கள் மன்றத் தேர்தல் வரும்போது வாக்குச்சீட்டை ஒதுக்கிவைக்காதீர்கள். வாரியத்துக்கு யார் பெயரை அனுப்பினீர்கள், ஏன் அனுப்பினீர்கள் என்று கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வீடு வாங்குபவர்களே, உங்கள் ‘எஃப்’ படிவத்திலிருப்பவர் பொறியியலாளரென்றால் அந்தப் பெயரை வாரியத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கட்டடக் கலைஞரென்றால் அவர்களுடைய வாரியத்தில் கேளுங்கள். குறை இருந்தால் புகாரை எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகப் போகும் புகார் எந்தக் கோப்பிலும் ஏறாது.

அடுத்த வாரம், நாமே வாக்களிக்கும் ஓர் அமைப்பு: அடுக்குமாடி வீடுகளின் கூட்டு நிர்வாகக் குழு. அங்கே நாற்காலிகள் நமக்காகவே போடப்பட்டிருக்கின்றன. ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை.